மடுவத்தில் கனத்த பிள்ளை

எங்கள் கருக்கமலைத் தேயிலைத் தோட்டத்தில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு பின்னேரம், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, யோகராணி தன் பிள்ளையை எடுத்துப்போக பிள்ளை மடுவத்துக்கு வந்தாள், குனிந்தாள், பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தாள், பிள்ளை வரவில்லை. பாயில் உட்கார்ந்து ரஸ்க் துண்டைச் சப்பிக்கொண்டிருந்த நிதுஷா, ஒன்பது மாதப் பிள்ளை, மேல்வாயில் இன்னும் பல்லுகூட முளைக்காதவள், அசையவில்லை என்றால் அசையவே இல்லை. யோகராணிக்குக் கையில் தெம்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வழுக்குப் பாதையில் ஏறுகிறவள் அவள். இன்னொரு தரம் குனிந்து இழுத்தாள். நாலைந்து பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், விளையாட்டுக் காட்டுகிறாள் என்று சிரித்தோம், அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினோம்.

மடுவம் என்பது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக்கூரைக் கட்டிடம். அதைப் பார்த்துக்கொண்டவள் செபமாலை ஆயம்மா. புருஷன் செத்து, பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய், தனியாக இருந்தவள், குரல் கொஞ்சம் கரகரப்பு, கோபம் வந்தால் தோட்டத்துத் துரையையே எதிர்த்துப் பேசுகிறவள். அவள் அடுப்படியிலிருந்து வந்தாள், என்னா புள்ள என்று கேட்டாள், ஒரு கையால் நிதுஷாவை எடுத்து இடுப்பில் வைத்தாள். மடித்து வைத்த துண்டை எடுக்கிற மாதிரி எடுத்தாள். பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தாயின் கையில் கொடுத்ததும் தாய் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு கனம். அன்றைக்குச் செபமாலைதான் பிள்ளையை லயத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், யோகராணி வெறுங்கையோடு பின்னால் நடந்தாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

அப்புறம் அது ஒரு பிள்ளையோடு நிற்கவில்லை. முகம் பார்த்துப் பிரித்தறிகிற வயதுக்கு வந்த பிள்ளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கனத்தது. அதற்குச் சின்னப் பிள்ளைகள் யார் எடுத்தாலும் பஞ்சாக வந்தன, ஓடித் திரிகிற பிள்ளைகளை யாரும் தூக்க வேண்டிய தேவையே இல்லை, இந்த நடுவிலே உள்ள பிள்ளைகள்தான், தவழ்கிறதும் தத்தித் தடுமாறி நிற்கிறதுமான பிள்ளைகள், யாரோ ஒருத்தர் இரண்டு பேருக்கு மட்டும் லேசாகவும் மற்ற எல்லோருக்கும் பாறையாகவும் ஆகிப்போயின.

கோடாங்கியைக் கூப்பிட்டோம், உடுக்கை அடித்தான், காத்து கருப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு போனான். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து ஐயா வந்து, தவழ்ந்து வந்த ஒரு பிள்ளையைத் தட்டுத் தராசில் ஏறவிட்டுப் பார்த்தார், முள் எப்போதும் போல எட்டுக் கிலோவில் நின்றது. அதே பிள்ளையைத் தராசிலிருந்து இறக்க அவரும் கம்பவுண்டரும் சேர்ந்து மல்லுக்கட்டினார்கள், முடியவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து அதன் அக்காவைக் கூப்பிட்டு வந்துதான் இறக்கினோம். ஆக, தராசுக்குக் கனக்கவில்லை, கைக்குத்தான் கனக்கிறது. சரி, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். பிழைக்க வந்த இடத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று, இதையும் பார்ப்போம் என்றுதான் இருந்தது.

பழகிப்போகும் என்று சொல்வார்களே, பழகித்தான் போனது. வழியில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பேர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், இதை யார் தூக்குறா என்று கேட்கும் வழக்கம் வந்தது. காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார்த்த வேண்டும், முதல் காது குத்தில் மாமன்காரன் தொடை நசுங்கி அலறிய அலறல் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கொழும்பிலும் கண்டியிலும் கடையில் நிற்கிற மாமன்மார் எல்லாம் முன்கூட்டியே லீவு எடுத்துக்கொண்டு வந்து, லயத்து வாசலில் குந்தி, பிள்ளை முன்னால் கை தட்டுவதும் துணியால் முகத்தை மூடித் திறப்பதுமாக வாரக்கணக்கில் கிடந்தார்கள். சிரிக்காதீர்கள், அதில் இரண்டு மாமன்கள் குடியையே விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வீடு மானமும் கப்பலேறியது. பெரிய வீட்டில் எல்லா வசதியோடும் வளர்ந்த கணக்கப்பிள்ளையின் பிள்ளையை அவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண் மட்டும்தான் தூக்க முடிந்தது. மேட்டு லயத்து ராயப்பன் ஒரு வேலைவெட்டிக்குப் போகாதவன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்கூட வாங்கிக் கொடுத்தவன் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளை ஊ என்றால் இவனும் ஊ என்பான், அது சிணுங்கினால் என்னடா தங்கம் என்று எங்கே இருந்தாலும் ஓடி வருவான், அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை காற்றில் ஏறுகிற மாதிரி ஏறியது. ரத்தம் என்று சொல்லிப் பார்த்தோம், சரிவரவில்லை. சோறு ஊட்டின கை என்று பார்த்தோம், அதுவும் இல்லை.

ஆனாலும் பால்தான் காரணம் என்பதை மட்டும் நாங்கள் விடவில்லை. பால் கொடுத்தவளை எப்படிப் பிள்ளை மறக்கும், எங்காவது நடக்குமா என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதைக் கேட்டுக் கேட்டு யோகராணி நொந்துபோனாள். பால் நேரத்துக்குக் கங்காணி விசில் ஊதியதும் மலையிலிருந்து விழுந்தடித்து ஓடி வருவாள், பிள்ளையைத் தூக்கி மடியில் போட முடியாததால் தானே பாயில் அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பாள், பிள்ளை குடிக்கும், குடித்துக்கொண்டே கண்ணைத் திருப்பி, அடுப்படியில் போகிற வருகிற செபமாலையைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் அவளைக் கொன்றது. விசில் ஊதியதும் எழுந்து மலைக்குப் போவாள், கொழுந்தைக் கிள்ளும்போதே கண் நிறைந்திருக்கும், மழைத் தண்ணி என்று சொல்லித் துடைத்துக்கொள்வாள்.

காலையில் செபமாலை லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கிப் போவாள், மாலையில் கொண்டுவந்து படுக்கையில் விடுவாள். ஊரே வாசலில் நின்று பார்க்கும். பெத்தவ ஒருத்தி, சுமக்குறவ ஒருத்தி என்று யாரோ முனகினார்கள், யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அன்றைக்கு ராத்திரி யோகராணி சோறு திங்கவில்லை. விடிந்ததும் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போய், ஆயம்மாவை இந்த மடுவத்திலிருந்து மாற்றச் சொல்லுங்கள், அவள் இருக்கிற வரைக்கும் என் பிள்ளை எனக்கில்லை என்று அழுதாள். புருஷன் சிவலிங்கம், ஃபேக்டரியில் வேலை செய்கிறவன், வாய் பேசாத மனுஷன், கூடவே நின்றான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறைக்கிற ஆள் போய்விட்டால் பிள்ளை தாயைப் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டோம். தலைவர் துரையிடம் பேசினார், செபமாலையைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் மடுவத்தின் பின்கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிடும், பிந்திப் போனால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் விழும், பிள்ளைகளோ தாய் நகர்ந்தால் ஊரைக் கூட்டும். அதனால் எங்கள் தாய்மார் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. முன்கதவால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவோம், ஆயம்மா கரண்டியால் தகர டப்பாவைத் தட்டுவாள், பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும், திரும்பின கண்ணிமைப்பில் தாய் பின்கதவால் நழுவிவிடுவாள். அழுகை கிடையாது, இழுபறி கிடையாது. நல்ல கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம், நானும் அந்தக் கதவால் எத்தனையோ தரம் நழுவியவள்தான்.

செபமாலையும் அந்த வழக்கப்படியே போனாள். புதிதாக வந்த ஆயம்மா டப்பாவைத் தட்டினாள், பிள்ளைகள் திரும்பின, செபமாலை தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பின்கதவால் இறங்கிக் கீழ்ப்பிரிவுக்கு நடந்தாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அக்காவோ மாமனோ பக்கத்து வீட்டு ராயப்பனோ யாராவது ஒருத்தர் இருந்தார்கள், இரண்டு மூன்று நாள் அழுது தேறிக்கொண்டன. நிதுஷாவுக்கு யாரும் இல்லை. முதலில் அவள் அழுதாள், தொண்டை கட்டும் வரைக்கும் அழுதாள், அதற்குப் பிறகு மடுவத்தைச் சுற்றித் தவழ்ந்தாள், அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள், தொட்டில்களுக்குக் கீழே பார்த்தாள், கடைசியில் பின்கதவுக்கு வந்து அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை. அழுகையும் நின்றுபோனது. புதிய ஆயம்மா நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது, மடியில் பொம்மையை வைத்துப் பாட்டுப் பாடிக் காட்டினாள், நிதுஷா அவளைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், ஒன்றும் இல்லாத சுவரைப் பார்த்தாள்.

கனம் ஏறியது. யோகராணி தொட்டால் கனத்தது போய், யார் தொட்டாலும் கனத்தாள், தொடாவிட்டாலும் கனத்தாள், அவள் உட்கார்ந்த இடத்தில் சிமெந்துத் தரை கீறல் விட்டது. சிவலிங்கம் நாலு ஆட்களைக் கூட்டிவந்து பலகை கொடுத்து நெம்பப் பார்த்தான், எம்புள்ளைய நெம்பாதீங்கடா என்று யோகராணி குறுக்கே விழுந்தாள், பலகையைப் போட்டுவிட்டு ஆண்கள் வெளியே போய் நின்றார்கள். வேறு வழியில்லாமல் தாயும் தகப்பனும் பாய் தலையணையோடு மடுவத்துக்கே வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்தார்கள். பால் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டாள். கரண்டியால் ஊட்டினால் வாயோரமாக வழியவிட்டாள். கன்னம் ஒட்டியது, கை குச்சியானது, உடம்பு மெலிய மெலியக் கனம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மருந்து ஐயா வந்து பார்த்தார், இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று யோகராணியிடம் நேராகவே சொல்லிவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

யோகராணி அன்றைக்கே கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாள். மழையில் நனைந்து போய் அந்த மடுவத்து வாசலில் நின்றாள். உள்ளே செபமாலை ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆயம்மா, நாந்தான் ஒங்கள மாத்தச் சொன்னேன்."

"தெரியும் புள்ள."

"எம்புள்ள செத்துருவா ஆயம்மா. வாங்க."

செபமாலை வந்தாள். அவள் மேல்பிரிவுக்கு ஏறி வருவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மடுவத்து வாசலில் கூடிவிட்டோம், அப்பாடா, இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று மூச்சு விட்டோம். அவள் உள்ளே போய், நிதா என்று தன் கரகரத்த குரலில் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது, அடையாளம் தெரிந்துதான் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. செபமாலை குனிந்து அக்குளில் கை கொடுத்தாள், பிள்ளை வரவில்லை. எங்கள் பிரிவில் ஒரு தலைமுறையையே இடுப்பில் சுமந்த பொம்பளை அவள், முதல் தடவையாக ஒரு பிள்ளையைத் தூக்க முடியாமல் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். 

இரண்டு பெண்களும் பிள்ளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். செபமாலை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நா இந்த வழியாத்தான் போனேன் புள்ள. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல."

யோகராணி பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நா தெனமும் இந்த வழியாத்தான் போனேன், ஆயம்மா."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற தாய்மார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. நாங்கள் நழுவிப் போனதை எல்லாம் பிள்ளைகள் மறந்துவிடும் என்றுதானே இருந்தோம். இங்கே ஒரு பிள்ளை, அவளுக்கு வேண்டியவர்கள் எல்லாம் மறைந்துபோன இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கேயே காவல் இருக்கிறது.

மறுநாள் காலையில் யோகராணி கூடையை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு நேர் எதிரே குந்தினாள், முகத்துக்கு முகம் பார்த்து, அம்மா மலைக்குப் போயிட்டு வர்றேன், பால் நேரத்துக்கு வந்துருவேன் என்று சொன்னாள். எழுந்து முன்கதவுக்குப் போனாள், நின்று திரும்பி இன்னொரு தரம் சொன்னாள், போனாள். ஒரு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு என்ன புரியும், இவளுக்கு என்ன பைத்தியமா என்று சில பேர் பேசத்தான் செய்தார்கள். பால் நேரத்துக்கு முன்கதவால் வந்தாள், அம்மா வந்துட்டேன் என்று சொன்னாள். பிள்ளை பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போதும் சொல்லிவிட்டே போனாள். செபமாலையைத் தலைவர் ஓடிப்போய்ப் பேசித் திரும்ப எங்கள் மடுவத்துக்கே கொண்டுவந்திருந்தார், அவளும் தண்ணி எடுக்கப் போனால் சொன்னாள், விறகெடுக்கப் போனால் சொன்னாள், சொல்லிவிட்டு முன்கதவால் போய் முன்கதவால் வந்தாள். சொல்லிவிட்டுப் போவது, வருவது, வந்துவிட்டேன் என்பது, மறுபடி சொல்லிவிட்டுப் போவது, மழையானாலும் வெயிலானாலும் அது ஒரு பூசை மாதிரி நடந்தது. யோகராணிக்கு அதனால் பெரட்டுக்குப் பிந்திப்போய் அரைப்பேர் விழுந்தது, விழட்டும் என்றாள்.

பிள்ளை உடனே மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கதை சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். முதலில் அது சுவரைப் பார்ப்பதை விட்டது. பிறகு ஒருநாள் பால் நேரத்து விசில் ஊதியபோது தலை மெதுவாக முன்கதவுப் பக்கம் திரும்பியது என்று செபமாலை ஓடிவந்து சொன்னாள். அன்றைக்கு இரண்டு மிடறு பால் குடித்தது. இன்னொரு நாள் யோகராணி வந்து பார்த்தபோது பிள்ளை பின்கதவடியில் இல்லை, அறையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. கீறல் விட்ட தரை மட்டும் அங்கே கிடந்தது. செபமாலை அடுத்த வாரத்திலேயே அவளைத் தூக்கிவிட்டாள், ஆனால் முன்னைப் போலத் துண்டு மாதிரி இல்லை, மூச்சுப் பிடித்துத்தான் தூக்கினாள், தூக்கிவிட்டு யோகராணியைப் பார்த்தாள், அவசரப்படாத புள்ள என்றாள். யோகராணி அவசரப்படவில்லை. தூக்கிப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் படுத்துப் பால் கொடுத்தாள், பிள்ளை சிரித்தால் சிரித்தாள், பிள்ளை மூக்கைப் பிடித்தால் பிடிக்கவிட்டாள், நேரம் வந்ததும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அப்படி ஒரு காலையில், வெயில் நன்றாக அடித்தது, யோகராணி வழக்கம்போலக் குந்திச் சொல்லிவிட்டு எழுந்து கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்கதவைத் தாண்டும்போது, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைச் சத்தம். எத்தனை நாளாக அந்தத் தொண்டையிலிருந்து வராத சத்தம், நாங்கள் அது திரும்பக் கேட்குமா என்று மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்ட சத்தம். யோகராணி கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நிதுஷா பாயைவிட்டு வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்திருந்தாள், முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தாயைப் பார்த்து அழுதாள். செபமாலை அவளுக்குக் கைக்கெட்டிய தூரத்தில்தான் நின்றாள், பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செபமாலை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

யோகராணி குனிந்தாள். அக்குளில் கை கொடுத்தாள். பிள்ளை வந்தது. பஞ்சாக வரவில்லை, பாறையாகவும் இல்லை, ஒரு பிள்ளை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனத்தது, இடுப்பு ஒரு பக்கம் சாயுமே, அந்தக் கனம். அந்தக் கனத்தை அவள் மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள், பிள்ளை அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு தேம்பியது. பெரட்டுக் கொம்பு ஊதியது, அவள் நகரவில்லை. பிள்ளையின் தேம்பல் நின்ற பிறகுதான் பாயில் உட்கார்த்தினாள், முகத்துக்கு முகம் பார்த்தாள், போயிட்டு வர்றேன் என்றாள். மறுபடி அழுகை வெடித்தது. அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு முன்கதவால் நடந்தாள்.

பெரட்டுக் களத்தில் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம், கணக்கப்பிள்ளை யார் எந்த மலைக்கு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யோகராணி கடைசி ஆளாக ஏறி வந்தாள், மேலெல்லாம் பிள்ளையின் மூக்குச் சளி. அவர் எரிந்து விழுந்தார், தினமும் இதே கூத்தா, இன்றைக்கும் அரைப்பேர்தான், என்ன காரணம் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். யோகராணி மடுவம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். கீழேயிருந்து, தகரக் கூரையைத் தாண்டி, தேயிலைச் செடிகளைத் தாண்டி, அந்த அழுகை ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் மலைகளில் எத்தனையோ பிள்ளைகள் அழுது கேட்டிருக்கிறோம், காதை மூடிக்கொண்டுதான் கொழுந்து கிள்ளியிருக்கிறோம், அன்றைக்குத்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டோம். யோகராணியின் கன்னத்தில் தண்ணி ஓடியது, மழை என்று சொல்ல அன்றைக்கு மழை இல்லை, அவள் துடைக்கவும் இல்லை.

"கேக்குதுங்களா ஐயா? எம்புள்ள. நா போறேன்னு அழுவுறா."